மனம் பொருந்தும் ஆலோசகர்

“ஒரு தடவை போனேன் டாக்டர். அவங்ககிட்ட மனசு விட்டுப் பேச முடியல. அதோட விட்டுட்டேன்.”

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்து வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை, தீராத தலைவலி என்று வருபவரைப் பரிசோதித்து, உடலில் நோய் இல்லை எனக் கண்டபின் உளவியல் ஆலோசனைக்கு அனுப்புகிறோம். அத்துடன் எங்கள் கடமை முடிந்தது என்று நாங்கள் எண்ணியதும் உண்டு. அது தவறு.

தீப்பெட்டி ஆலையின் ஒருநாள் கூலியை இழந்து, திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்தேறிச் செல்பவருக்கு முதற் சந்திப்பு கசந்துவிட்டால், மறுமுறை செல்ல மனம் வருவதில்லை. சிகிச்சையே தமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிடுகிறார். ஒத்துவராதது அந்த ஆலோசகராக மட்டும் இருக்கலாம். ஆலோசகரை மாற்றிக்கொள்வது நன்றி மறத்தல் ஆகாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் இந்தப் பொருத்தத்தின் மூன்று கூறுகளைச் சுட்டினார்: இருவருக்கும் இடையிலான நம்பிக்கை, அடைய வேண்டிய இலக்கில் உடன்பாடு, அதற்கான வழியில் உடன்பாடு. இவை வலுவாக உள்ளபோது பலன் மிகுதி என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

முதலில் தகுதியைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என வினவுங்கள். பெண் ஆலோசகர் வேண்டுமெனில் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பின்னர் மூன்று, நான்கு அமர்வுகள் பொறுத்துப் பாருங்கள். பழைய துயரைப் பேசும்போது மனம் வலிப்பது இயல்பு; அதைப் பொருத்தமின்மை என்று கொள்ள வேண்டா. ஆனால் உங்கள் சாதியையோ வறுமையையோ இழிவாகப் பேசினாலும், நீங்கள் கூறியதை அயலாரிடம் வெளியிட்டாலும், அன்றே விலகுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் உரிமையை அளித்துள்ளது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பேருந்தில் உடன் வாருங்கள். அறைக்கு வெளியே காத்திருங்கள். “என்ன பேசினாய்?” என்று வீடு திரும்பும் வழியில் கேளாதீர்கள்.

ஆலோசகரை மாற்றும்போது மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் பொருத்தம் பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

“அவர் எனக்குச் சரிப்படவில்லை” என்று எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் வருந்த மாட்டோம். வேறொருவரைத் தேடித் தருவதும் எங்கள் மருத்துவத்தின் ஒரு பகுதியே.