கோவில்பட்டி வெயிலுக்கு அந்த ஜெல் தாங்குமா?

மே மாசக் கரிசல் காட்டில் கால் உள்ளே போகிற அளவு வெடிப்பு இருக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் அதே மண் உப்பி வெடிப்பை மூடிவிடும். மாண்ட்மோரிலோனைட் களிமண் தன் அடுக்குகளுக்குள் தண்ணீரை இழுத்துப் பிடிப்பதுதான் காரணம். நம்ம முழங்கால் குருத்தெலும்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். புரோட்டியோகிளைக்கன் தண்ணீரை இழுக்கும், கொலாஜன் வலை ரொம்ப உப்பாமல் கட்டிவைக்கும். ஆனா மண்வெடிப்பு மழைக்கு மூடும். ரத்தக்குழாயே இல்லாத குருத்தெலும்பில் விழுந்த குழி தானாக ஆறாது.

அதை நிரப்பத்தான் ஊசிவழி ஹைட்ரோஜெல். திரவமாக உள்ளே போய், குழியின் வடிவத்துக்கே கெட்டியாகி, செல்கள் வளர இடம் தரும். சென்னையில் இருக்கும் நிச்சி-இன் மையம், ஜப்பான் ஆய்வாளர்களோடு சேர்ந்து, குளிரில் திரவமாகவும் சூட்டில் ஜெல்லாகவும் மாறும் பாலிமரில் குருத்தெலும்புச் செல்களை வளர்த்திருக்கிறது. நல்ல வேலை. நம்மில் பலரும் இதே தலைப்பில் ஃபைனல் இயர் புராஜெக்ட் எடுக்கிறோம். எடுங்க. ஆனா யாருடைய முழங்காலுக்கு என்று முதலில் முடிவு பண்ணுங்க.

இந்த வகையில் பிரபலமான பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு சுமார் 32 டிகிரியில் மாறும். கோவில்பட்டியில் மே மாசம் நிழலிலேயே அதைவிடச் சூடு. கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்னா, மருந்து மூட்டுக்குள் போகும் முன்னே சிரிஞ்சிலேயே கெட்டியாகிவிடும்.

அடுத்தது பாரம். இங்கே பெண்கள் குத்தவச்சுக் களை எடுக்கிறாங்க, தரையில் உட்கார்ந்து தீப்பெட்டி வேலை பார்க்கிறாங்க. ஜெல்லை ஒரே ஒரு தடவை அமுக்கி கிராஃப் போட்டால் அந்த முழங்காலைப் பற்றி ஒண்ணும் தெரியாது. முழுசா மடங்கும் மூட்டின் பாரத்தில், ஆயிரக்கணக்கான தடவை அமுக்கிப் பார்க்கணும்.

"முதல்ல லேபில் வேலை செய்யட்டும், ஊருக்கு ஏத்த மாதிரி அப்புறம் மாத்திக்கலாம்" என்பீங்க. பாலிமரை மாற்றினால் அது வேறு மருந்து. பாதுகாப்புச் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்கணும். அதனால் அந்த முடிவு முதல் நாளே எடுக்க வேண்டியது.

இன்னொன்று, வீட்டுக்காக. இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரு இடத்தில் மட்டும் விழுந்த குழிக்கானது. வயசாகி மூட்டு முழுக்கத் தேய்ந்த பாட்டிக்கானது இல்லை. இப்போ போடப்படும் ஹையலுரானிக் அமில 'ஜெல் ஊசி' மூட்டுக்கு வழவழப்பு தரத்தான், ஜவ்வை வளர்க்காது. அது வளர்க்கும் என்று நம்பி யாராவது ஆட்டை விற்கக் கிளம்பினால், விஷயம் தெரிஞ்ச நீங்கதான் தடுக்கணும்.

அடுத்த ரிவ்யூவில் நோக்கங்கள் பட்டியலில் ரெண்டு வரி சேருங்க: எத்தனை டிகிரி வரை இந்த ஜெல் திரவமாக இருக்கும்? குத்தவச்சு உட்கார்ந்தால் தாங்குமா? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தால் அது நம்ம ஊர் புராஜெக்ட்.