ஊரின் தலைமேலுள்ள ஆகாயம்

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டனை அடுத்துள்ள நியூட்டன் நகரசபை, வேடிக்கைக்காகப் பறக்கவிடப்படும் ட்ரோன்கள் குடிமக்களின் அந்தரங்க வாழ்வுக்குப் பங்கம் விளைவிக்கலாமென்று அஞ்சி, ஒவ்வொரு ட்ரோனும் நகரில் பதிவு பெற வேண்டுமென்றும், உடைமையாளரின் சம்மதமின்றி அவர் நிலத்தின்மேல் 400 அடிக்குக் கீழே அது பறத்தலாகாதென்றும் 2016 டிசம்பரில் சட்டமியற்றியது. நகரவாசி ஒருவர் தொடுத்த வழக்கில், சிறு ட்ரோன்கள் 400 அடிக்குள்ளேயே பறக்க வேண்டுமென்று மத்திய விமானத் துறை விதித்திருக்கையில், அவ்வெல்லைக்குள்ளும் நகரசபை தடுப்பது அவற்றை அடியோடு விலக்குவதாகும் என்று கருதிய மத்திய நீதிமன்றம், 2017 செப்டம்பரில் இவ்விதிகளை ரத்துச் செய்தது.

தீர்ப்பின் தர்க்கத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. ஊருக்கொரு வான்சட்டம் ஏற்பட்டால் விபத்துகளே பெருகும். ஆனால், ராணுவ விமானங்கள் தாழப் பறந்ததால் கோழிகள் மடிந்து தொழிலிழந்த வட கரோலினா விவசாயி ஒருவரின் வழக்கில், நிலத்தை ஒட்டிய ஆகாயத்தில் உடைமையாளனுக்கும் உரிமையுண்டென்று 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறதே! அவ்வுரிமையைக் காக்க, புகார் கேட்டு விசாரிக்கும் தூரத்திலுள்ள நகரசபையைவிடத் தகுதியான ஸ்தாபனம் எது? பறக்கும் உயரத்தையும் பாதுகாப்பையும் மத்திய சர்க்கார் வைத்துக்கொள்ளட்டும். நகரப் பூங்காக்களில் எவ்விடத்தில், எந்நேரத்தில் ட்ரோனை ஏற்றி இறக்கலாம், பிறர் வீட்டை வேவு பார்ப்போருக்கு என்ன தண்டனை என்பவற்றை நகரசபைகள் நிர்ணயிக்க வேண்டும். முரண்பாடுகளை நீக்கிச் சட்டத்தைத் திருத்தி எழுத நியூட்டன் வழக்கின் நீதிபதியே இடமளித்திருக்கிறார்.