எல்லாத்துக்கும் ஒரே கிளவுஸ் எண்டு ஒண்டு இல்ல

சுன்னாகத்துக்குப் பக்கத்தில 'மலை' எண்டு பெயரோட இருக்கிறது கீரிமலைதான். அங்க ஏறுறதுக்கு ஒண்டும் இல்ல, படியில இறங்கிக் கேணியில குளிக்கலாம். மார்கழி விடியக்காலையில தலையில ஒரு துவாயைச் சுத்தினால் எங்கட குளிர்காலம் முடிஞ்சுது. இப்படி ஒரு ஊரில இருந்துகொண்டு மலைக்குளிருக்கு எந்தக் கையுறை நல்லது எண்டு எழுதினால் சிரிக்கத்தான் செய்வீங்கள்.

சிரிச்சு முடிச்சிட்டு உங்கட ஃபோனில இருக்கிற படங்களைக் கொஞ்சம் பாருங்கோ. சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் எண்டு வருசத்துக்கு ஒருக்காவது பெடியளும் பெட்டையளும் கூட்டமா வெளிக்கிடுறம். நேபாளத்துக்கு நடக்கப் போகக் காசு சேர்க்கிற ஆக்களும் இருக்கினம். நோர்வே, சுவிஸ், கனடா எண்டு போன சொந்தங்களின்ர பிள்ளையள் பனியில சறுக்கிறதைப் பள்ளிக்கூடத்திலயே பழகுதுகள். 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஆனார். அதே பயணத்தில் 8,400 மீற்றர் வரை போய்த் திரும்பிய ஜொஹான் பீரிஸ், 2018இல் மறுபடியும் போய் உச்சியைத் தொட்டார். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். விருதுநகரும் எங்களைப்போல வெயில் பூமிதான். ஆகவே 'மலை எங்களுக்கு இல்ல' எண்ட கதையை இனி விடலாம்.

நான் சொல்ல வாறது இதுதான். சப்பாத்துக்கு ஒரு மாதம் தேடுறம், ஜக்கெற்றுக்குக் கடன் வாங்குறம். கையுறையை மட்டும் கடைசி நேரத்தில, பஸ் நிக்கிற இடத்தில, கையில அகப்பட்டதை வாங்குறம். கொஞ்சம் யோசிக்கிற ஆக்களும் ஒன்லைனில 'எல்லாக் காலநிலைக்கும், எல்லா விளையாட்டுக்கும்' எண்டு போட்டிருக்கிற தடிச்ச சோடி ஒண்டை வாங்கிட்டு நிம்மதியா இருக்கினம். இரண்டும் பிழை எண்டுதான் நினைக்கிறன். பல இடத்துக்கும் உதவுற கையுறை எண்டு தனியா ஒரு பொருள் கிடையாது. பிரிச்சுப் போடக்கூடிய, சேர்த்துப் போடக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய பொருட்கள்தான் உண்மையில் பல இடத்துக்கும் உதவும்.

ஏன் எண்டு விளங்க முதல்ல கையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேணும். விரலை அசைக்கிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் எலும்பும் நரம்பும் தசைநாரும்தான். அதனால் விரல் தானாகப் பெரிதாக வெப்பம் உண்டாக்குவதில்லை, இரத்தம் கொண்டுவரும் சூட்டையே நம்பியிருக்கிறது. உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால், இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக உடல் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அதாவது நெஞ்சும் தலையும் குளிர்ந்தால் எந்த விலை கொடுத்து வாங்கிய கையுறையும் வேலை செய்யாது. கை குளிருது எண்டால் முதல்ல தொப்பியைப் போடுங்கோ எண்டு மலையேறுறவர்கள் சொல்லுறது அதாலதான்.

இரண்டாவது, ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த கையுறை குளிரைத் தடுக்காது, குளிரைக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த ஈரம் மழையால மட்டும் வாறதில்ல. எங்கட ஆக்களுக்குப் பெரும்பாலும் வியர்வையாலதான் வருது.

சிவனொளிபாதமலையை எடுங்கோ. உயரம் 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும் எண்டு கணக்குப் போட்டால், கடல் மட்டத்தை விட உச்சியில் 14 பாகைக்கு மேல் குறைவு. இரவு 24 பாகையில் கீழே இருந்த நீங்கள், உச்சியில் 10 பாகையைச் சந்திக்கலாம். காற்றடித்தால் அது இன்னும் குறைவாகவே தெரியும். டிசம்பர் பௌர்ணமியில் இருந்து மே மாத வெசாக் வரையான காலத்தில் எல்லாரும் செய்வது என்ன? நள்ளிரவில் ஏறத் தொடங்கி, ஆயிரக்கணக்கான படிகளில் வியர்த்து நனைந்து, உச்சியில் போய் அசையாமல் இருந்து சூரியனுக்காகக் காத்திருப்பது. ஏறேக்க கை கொதிக்கும், இருக்கேக்க கை விறைக்கும். ஒரே தடிச்ச கையுறையைக் கீழ இருந்தே போட்டுக்கொண்டு போனால், காத்திருக்கிற நேரம் வரேக்க அது உள்ளால நனைஞ்சு முடிஞ்சிருக்கும்.

அங்க விரல் உறைஞ்சு போகாது, உண்மைதான். ஆனா தோலின் வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கினாலே விரலின் நுணுக்கமான வேலைத்திறன் குறையத் தொடங்கிவிடும். சப்பாத்து லேஸ் கட்ட வராது, ரோச்சுக்கு பற்றறி மாத்த வராது, இறங்கும்போது கைபிடிக் கம்பியை இறுக்கிப் பிடிக்க வராது. ஈரப் படியில வழுக்கி விழுற ஆளுக்கு 'இது எவரெஸ்ட் இல்ல' எண்டு சொல்லி என்ன பிரயோசனம்?

அப்ப என்ன வாங்கிறது? இதுக்குப் பதில் கிறிக்கற் விளையாடின எல்லாருக்கும் தெரியும். விக்கெட் கீப்பர் பெரிய கிளவுசுக்குள்ள மெல்லிய உள் கிளவுஸ் ஒண்டு போடுவார். தேவைப்பட்டால் பெரியதைக் கழற்றிப் பந்தை எறிவார், வெறுங்கை ஆகமாட்டார். மலைக்கும் அதே முறைதான், மூன்று அடுக்கு.

முதலாவது, தோலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய கையுறை. கம்பளி அல்லது பொலியெஸ்டர் நல்லது. பருத்தி வேண்டாம். கீப்பரின்ர பருத்தி உள் கிளவுசைக் கொண்டு போகாதேங்கோ, பருத்தி வியர்வையைக் குடித்து வைத்திருக்கும், காய நேரம் எடுக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். இந்த மெல்லியதோடு ஃபோனும் பாவிக்கலாம், லேசும் கட்டலாம். ஏறும் நேரத்தில் பெரும்பாலும் இதுவே போதும்.

இரண்டாவது, சூடு தரும் அடுக்கு. ஃபிளீஸ் அல்லது தடித்த கம்பளி. இதை நடக்கும்போது பைக்குள் வையுங்கோ, நிற்கும்போது போடுங்கோ. விரல் தனித்தனியாக இல்லாமல் நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் வகை இன்னும் சூடு, ஏனெண்டால் விரல்கள் ஒன்றின் சூட்டை ஒன்று பகிரும், வெளிக்காற்றுப் படும் பரப்பும் குறையும். விலை, சூடு, லேஸ் கட்டும் வசதி மூன்றையும் ஒரே கையுறையில் கேட்காதேங்கோ. சூடு கூடக்கூட விரலின் திறமை குறையும், இது எந்தக் கொம்பனியாலும் முழுக்க மாற்ற முடியாத கணக்கு.

மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் வெளி உறை. உள்ளே ஒன்றும் தைக்காத வெறும் உறையாக இருந்தால் மிகவும் நல்லது. உள்ளும் வெளியும் சேர்த்துத் தைத்த கையுறை ஒருக்கா நனைந்தால் மலையில் இரண்டு நாளுக்கும் காயாது. அதோட ஈரக்கையை வெளிய இழுக்கேக்க உள்துணியும் சேர்ந்து விரல் விரலா வெளிய வரும், திரும்ப உள்ள தள்ள ஏலாது. பிரிக்கக்கூடியது எண்டால் உள்ளதை உங்கட உடம்புச் சூட்டில, ஜக்கெற்றுக்குள்ள வைச்சே காய வைக்கலாம்.

கனடாவில இருந்து பெட்டியில வாற ஸ்கீ கிளவுஸ் பற்றியும் சொல்ல வேணும். அன்பா அனுப்பினது, நல்ல பொருள்தான். ஆனா அது பூச்சியத்துக்குக் கீழ 15 பாகையில, லிஃப்றில ஏறி, சறுக்கி இறங்குற ஆளுக்குச் செய்தது. 10 பாகையில பாரம் தூக்கிப் படி ஏறுற ஆளுக்கு அது ஒரு வியர்வைப் பை. நேபாளம் போகேக்க எடுங்கோ. சிவனொளிபாதத்துக்கு வேண்டாம்.

இன்னொரு பக்கம், எங்கட ஹாட்வெயார் கடைகளைக் குறைவா நினைக்காதேங்கோ. யப்பானின் ஷோவா கொம்பனி செய்யும் டெம்ரெஸ் 282 எண்ட நீலக் கையுறை, குளிரிலும் ஈரத்திலும் வேலை செய்கிறவர்களுக்கான ஒரு வேலைக் கையுறைதான். விலையான மலைக் கையுறைகளை வைத்திருந்த ஏறுநர்கள் பலர் அதை விரும்பிப் பாவிக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் உள்ளே போகாது, வியர்வை ஓரளவு வெளியே போகும், பிடி வழுக்காது, விலையும் குறைவு. எங்கட கடைகளில அதே பொருள் இருக்கும் எண்டு நான் சொல்லேல்ல. உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசின பின்னல் கையுறைதான் இங்க சாதாரணமாக் கிடைக்கும். அதைக் கொஞ்சம் பெரிய அளவில் வாங்கி, உள்ளே மெல்லிய கம்பளியைப் போட்டால், எங்கட நாட்டு மலைகளில கைபிடிக் கம்பி பிடிக்கவும் பாறை பிடிக்கவும் தாராளம். மழைக்கு மட்டும் மேல ஒரு உறை வேணும். மயிலிட்டித் துறைமுகத்தில ஐஸ் அள்ளுறவையிட்டைக் கேட்டுப் பாருங்கோ, குளிர்ந்த கையால வேலை செய்யிறது பற்றி எந்த விளம்பரத்தை விடவும் அவைக்குக் கனக்கத் தெரியும்.

இதுக்கு ஒரு எல்லை இருக்கு. பூச்சியத்துக்குக் கீழே போகும் இடங்களுக்கு, இமயமலைக்கு, இந்தச் சமாளிப்பு போதாது. அங்கே காசு செலவழிக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும். அங்கேயும் முக்கியமானது பிராண்ட் இல்லை, மேலதிகச் சோடி. 1950 ஜூன் 3இல் பிரான்ஸைச் சேர்ந்த மொரிஸ் ஹெர்சோக்கும் லூயி லாஷ்னாலும் அன்னபூர்ணா உச்சியை அடைந்தார்கள். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட மலை ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதல் தடவை. இறங்கும்போது ஹெர்சோக் பையைத் திறக்கக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பைக்குள் மேலதிக மேஸ் இருந்தது, அதைக் கையில் மாட்டலாம் எண்ட நினைவு அந்த உயரத்தில் அவருக்கு வரவில்லை. கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்துதான் ஊர் திரும்பினார். ஒரு சோடி மேலதிகமாக, ஒரு முழம் கயிறு மணிக்கட்டில் கட்ட. இந்த இரண்டுக்கும் பெரிய காசு தேவையில்லை.

அளவு பற்றியும் ஒரு சொல். பெருவிரலை விட்டிட்டு, உள்ளங்கையின் அகன்ற இடத்தைச் சுற்றி நாடாவால் அளவுங்கோ. அங்குலத்தில் வரும் எண்தான் பெரும்பாலும் கையுறை அளவு, 8 அங்குலம் எண்டால் 8. இறுக்கமானது இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் கையை இன்னும் குளிரப் பண்ணும். தொளதொள எண்டு இருந்தால் விரல் நுனியில் வெறுமை, ஒன்றையும் பிடிக்க வராது. கடைகளில் இருக்கிறது முக்கால்வாசி ஆம்பிளையளின்ர அளவு. 'கிளவுஸ் தானே, பெரிசா இருந்தா என்ன' எண்டு பெட்டையளிட்ட கொடுத்து அனுப்புறம். பிறகு 'அவளுக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது' எண்டும் நாங்களே சொல்லுறம். அவவுக்குத் தெரியும், கையுறைதான் அவவின்ர இல்ல.

வாங்க முதல் கடையிலேயே போட்டுப் பாருங்கோ. போட்டபடி பை சிப்பைத் திறவுங்கோ, லேஸ் கட்டுங்கோ, தண்ணிப் போத்தலைத் திறவுங்கோ, மேசையில் இருந்து ஒரு நாணயத்தை எடுங்கோ. வீட்டை வந்து, ஒரு ஐஸ் கட்டியைப் பொலித்தீன் பையில் போட்டுப் பத்து நிமிசம் பிடிச்சிருங்கோ. பிறகு அதே லேசைக் கட்டிப் பாருங்கோ. குளிர் இல்லாத ஊரில சோதிக்கிறதுக்கு இதை விட வழி இல்ல.

கடைசியா ஒரு யோசனை. ஊர் கிறிக்கற் கிளப்பில ஆளுக்கொரு பாட், ஆளுக்கொரு கீப்பிங் கிளவுஸ் எண்டா இருக்கு? ஒரு பை இருக்கும், யார் விளையாடினாலும் அதுதான். மலைக்கும் அப்படிச் செய்யலாம். ஆறு வெளி உறை, ஆறு தடிச்ச கம்பளி, பெரிசும் சின்னனுமா. தோலோட ஒட்டுற மெல்லியதை மட்டும் ஆளாள் சொந்தமா வைச்சிருக்கட்டும். வருசத்தில மூன்று நாள் பாவிக்கிற பொருளுக்கு எல்லாரும் தனித்தனியாக் காசு கொட்டத் தேவையில்ல. காசு இல்லாததால வரமாட்டன் எண்டு சொல்லாமல் சொல்லி நிக்கிற ஒரு பிள்ளையும் வரலாம். கனடாப் பெட்டியில வந்து அலுமாரியில கிடக்கிறதுகளையும் அதுக்குள்ள போடுங்கோ, நேபாளம் போறவைக்கு உதவும். டிசம்பர் பௌர்ணமிக்கு முதல் அந்தப் பை ஆயத்தமா இருந்தால் நல்லம்.