மனைவியை அழைத்துவர 29,000 பவுண்டு

பிரிட்டன் குடியுரிமை பெற்ற ஒருவர் உலகின் எந்த நாட்டவரையும் மணந்துகொள்ளலாம். சட்டம் அதைத் தடுப்பதில்லை. ஆனால், மணந்தவரைத் தன் நாட்டுக்கு அழைத்துவந்து குடும்பம் நடத்த வேண்டுமென்றால், அவருடைய ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டாக இருக்க வேண்டும். நம் பணத்தில் 33 லட்சம் ரூபாய்க்கும் கூடுதல். 2024 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. லண்டனிலும் லெஸ்டரிலும் வாழ்ந்துகொண்டு யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ வரன் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எண் மனப்பாடம். ஜாதகப் பொருத்தத்துக்கு முன்பாகச் சம்பளப் பொருத்தம் பார்க்க வேண்டிய நிலை.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், குடியேற்ற அரசியல் எப்படி நடக்கிறது என்பது விளங்கும். தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2012 ஜூலையில்தான் குறைந்தபட்ச வருமான விதி முதன்முதலாக வந்தது. அப்போது வரம்பு 18,600 பவுண்டு. அதற்கு ஒரு கணக்காவது இருந்தது. எவ்வளவு சம்பாதித்தால் ஒரு தம்பதி வருமானம் சார்ந்த அரசு உதவித்தொகையை நாட வேண்டியிராது என்று குடியேற்ற ஆலோசனைக் குழு கணித்துச் சொன்ன தொகை அது. அந்தக் கணக்கை ஏற்கலாம், மறுக்கலாம். கணக்கு என்று ஒன்று இருந்தது.

2023 டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளவர்லி அறிவித்த 38,700 பவுண்டுக்கு அப்படி எந்த அடிப்படையும் இல்லை. திறன்மிகு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அப்போது நிர்ணயிக்கப்பட்ட ஊதிய வரம்பை அப்படியே எடுத்து, கணவன் மனைவி விவகாரத்தில் ஒட்டிவைத்தார்கள். நாட்டுக்குள் வந்து சேருவோரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில் இருந்த அரசுக்கு அது கைக்கெட்டிய எண்ணாக இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும், முதலில் 29,000, பிறகு 34,500, கடைசியில் 38,700 என்று படிப்படியாக உயர்த்துவதாக மாற்றிச் சொன்னார்கள். முதல் படி ஏறியதும் ஆட்சி மாறியது. 2024 ஜூலையில் வந்த தொழிற்கட்சி அரசு மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்திவைத்து, விவகாரத்தை அதே ஆலோசனைக் குழுவிடம் ஒப்படைத்தது.

2025 ஜூனில் குழு தன் அறிக்கையைத் தந்தது. வேலைக்காக ஒருவரை வரவழைப்பதும் குடும்பம் ஒன்றுசேர்வதும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை; ஒன்றின் ஊதிய வரம்பை மற்றதற்குப் பொருத்துவது விளங்கவில்லை என்று அது குறிப்பிட்டது. 38,700 என்ற வரம்பு, குடும்ப வாழ்வுக்கான உரிமையைச் சொல்லும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவுடன் பெரும்பாலும் மோதும் என்றும் எச்சரித்தது. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய குடும்பத்துக்கு 23,000 முதல் 25,000 பவுண்டு வரையிலான வரம்பு போதும் என்பது அது முன்வைத்த வழிகளுள் ஒன்று.

விதியை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் நியாயம், வருபவர் அரசுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், துணை விசாவில் வருபவருக்கு அரசின் உதவித்தொகைகளைப் பெறும் உரிமை ஏற்கெனவே கிடையாது. அவருடைய விசாவிலேயே அந்த நிபந்தனை இருக்கிறது. மருத்துவ வசதிக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் அவர் விமானம் ஏறுகிறார். வேலைக்குச் சேர்ந்ததும் மற்றவர்களைப் போல வரியும் கட்டுவார். பிறகு சுமை எங்கிருந்து வரும்? பிரிட்டனில் இருக்கும் துணை பெறக்கூடிய உதவித்தொகையில்தான் வர முடியும். வரும் துணையும் சம்பாதிக்கத் தொடங்கினால் அந்தச் சுமை குறையவே வாய்ப்பு.

போலித் திருமணங்களைத் தடுக்கத்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. உறவு உண்மையானதா, நீடிக்கிறதா என்று புகைப்படங்கள், உரையாடல் பதிவுகள், பயணச் சீட்டுகள் வரை அதிகாரிகள் ஆராய்கிறார்கள். சம்பளச் சீட்டு அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலையும் தராது.

விதியின் மிகப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது, வரப்போகும் துணையின் சம்பளம் கணக்கில் சேராது. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் நல்ல ஊதியம் பெறும் ஒருவர், லெஸ்டரில் மழலையர் பள்ளியில் பகுதி நேரம் வேலை பார்க்கும் பெண்ணை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அங்கு போய் எவ்வளவு சம்பாதிக்கக்கூடும் என்பதற்கு மதிப்பில்லை. கையில் வேலைவாய்ப்புக் கடிதமே இருந்தாலும் பயனில்லை. அந்தப் பெண்ணின் ஊதியம் மட்டுமே அளவுகோல்.

அந்த அளவுகோல் யாரை விலக்குகிறது என்பதைக் கூட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் வயதுவந்தோருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் வேலை செய்தால் 25,400 பவுண்டுகூட வராது. வரம்பை எட்ட வேண்டுமானால் ஒரு வாரம்கூட விடாமல் 46 மணி நேரம் உழைக்க வேண்டும். அரசே போதுமென்று நிர்ணயித்த ஊதியத்தில் முழுநேரம் உழைப்பவர், தன் மனைவியுடன் வாழத் தகுதியற்றவராகிறார். குழந்தையைக் கவனித்துக்கொண்டு பகுதி நேரம் வேலைக்குப் போகும் தாய், முதியோர் இல்லப் பணியாளர், கடை ஊழியர், லண்டனுக்கு வெளியே குறைந்த சம்பளத்தில் வேலை தொடங்கும் இளைஞர் என அகப்படுவோர் பட்டியல் நீளமானது. பெண்கள் அதில் அதிகம். ஊனமுற்றோர் உதவித்தொகை, பராமரிப்பாளர் உதவித்தொகை போன்றவற்றைப் பெறுவோருக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது.

சம்பளம் இல்லையென்றால் சேமிப்பைக் காட்டலாம். எவ்வளவு? 88,500 பவுண்டு, நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய். அதையும் ஆறு மாதம் கணக்கில் வைத்திருந்திருக்க வேண்டும்.

இந்த விதி நீதிமன்றத்துக்குப் போகாமல் இல்லை. 2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வருமான வரம்பு பலருக்குத் துன்பம் தரக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்தக் காரணத்தாலேயே விதி சட்டவிரோதம் ஆகிவிடாது என்றது. குழந்தைகளின் நலனுக்கு உரிய இடம் தரப்படாததை மட்டும் குறை கண்டது. பிற வருமான வழிகளையும் பார்க்க வேண்டுமென்றது. அதற்குப் பிறகு, விதிவிலக்கான சூழலில் வேறு வருமானத்தையும் அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்று திருத்தம் வந்தது. அப்படி உள்ளே வருபவருக்கு நிரந்தரக் குடியிருப்புக்கான காத்திருப்பு ஐந்து ஆண்டு அல்ல, பத்து ஆண்டு. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, இந்த விதியால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 15,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தது. அவர்களின் வீடுகளுக்கு ‘ஸ்கைப் குடும்பங்கள்’ என்ற பெயரே விழுந்தது. தந்தை என்பவர் திரைக்குள் இருப்பவர் என்று எண்ணி வளர்ந்த பிள்ளைகள்.

தெற்காசியர்களின் திருமணங்களைப் பிரிட்டன் ஐயத்துடன் பார்ப்பது புதிதல்ல. 1979-இல், மணம் முடிப்பதற்காக வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தியது வெளிவந்து பெரும் கண்டனம் எழுந்தது. மணப்பெண்ணாக வருபவருக்கு விதிகள் எளிது, மனைவியாக வருபவருக்கு நீண்ட காத்திருப்பு. ஆகவே ஏற்கெனவே மணமானவரோ என்ற சந்தேகமாம். 1980-களில் ‘முதன்மை நோக்க’ விதி வந்தது. திருமணத்தின் முதன்மையான நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்று விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கணவராக வர விரும்பியவர்களே இதில் பெரிதும் சிக்கினார்கள். 1997-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும்தான் அது நீக்கப்பட்டது.

இடையில் 1985-இல் நடந்தது தனிக் கதை. பிரிட்டனில் நிரந்தரமாக வாழ்ந்த ஆண்கள் மனைவியை அழைத்துவருவது எளிதாகவும், பெண்கள் கணவரை அழைத்துவருவது கடினமாகவும் இருந்தது. மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பும் பெற்றார்கள். பிரிட்டன் அரசு தீர்ப்பை மதித்தது. எப்படி? பெண்களுக்கு இல்லாத சலுகையை ஆண்களிடமிருந்தும் பறித்து. சமத்துவம் வந்துவிட்டது!

சொந்த நாட்டில் வழி அடைபட்டவர்கள் அண்டை நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்ததும் உண்டு. பிரிட்டன் குடிமக்கள் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் சிலகாலம் வேலை பார்த்துவிட்டுத் துணையுடன் திரும்பினால், உள்நாட்டு விதிகளுக்குப் பதிலாக ஒன்றியத்தின் இளகிய விதிகள் பொருந்தும் என்று 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு ஓர் இந்தியக் கணவரைப் பற்றியது. ‘சுரிந்தர் சிங் வழி’ என்றே அதற்குப் பெயர். பிரெக்ஸிட்டுடன் அந்தக் கதவும் மூடிக்கொண்டது. டென்மார்க்கில் 2002-இல் கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, கோபன்ஹேகனில் வேலை பார்த்தவர்கள் பாலத்தைக் கடந்து ஸ்வீடனின் மால்மோ நகரில் குடியேறினார்கள். தன் நாட்டில் மறுக்கப்பட்ட குடும்ப வாழ்க்கை பக்கத்து நாட்டில் கிடைத்தது.

அமெரிக்காவும் வருமானம் கேட்கிறது. ஆனால், கேட்கும் விதம் வேறு. வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 விழுக்காடு இருந்தால் போதும். 2025-இல் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது ஏறத்தாழ 26,400 டாலர். எட்டவில்லையென்றால் உறவினரோ நண்பரோ இணைந்து பொறுப்பேற்கலாம். இந்த ஒரு வசதி பிரிட்டனில் இருந்தால் பாதிப் பேரின் துயரம் தீர்ந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அதற்காக அமெரிக்காவைப் புகழ்ந்துவிட முடியாது. எல் சால்வடாரைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து அமெரிக்கக் குடிமகள் தொடுத்த வழக்கில், வெளிநாட்டுத் துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்தியாவில் வருமான வரம்பு ஏதும் இல்லை. பதிவுசெய்த திருமணம் இரண்டு ஆண்டு நீடித்தால், வெளிநாட்டுத் துணை ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். துணை பாகிஸ்தானியராகவோ வங்கதேசத்தவராகவோ இருந்தால் அந்த வழி இல்லை.

மீண்டும் பிரிட்டனுக்கு வருவோம். துணையை அழைத்துக்கொள்ள அங்கு மூன்று வழிகள். திருமணமானவர்களுக்கான விசா, இரண்டு ஆண்டாவது மணவாழ்க்கைக்கு நிகரான உறவில் இருப்பவர்களுக்கான இணையர் விசா, நிச்சயிக்கப்பட்டவருக்கான ஆறு மாத விசா. மூன்றாவது பலருக்குக் கவர்ச்சியாகத் தெரிகிறது. அங்கேயே திருமணத்தை வைத்துக்கொள்ளலாமே! ஆனால் அந்த ஆறு மாதமும் வேலை பார்க்க முடியாது, திருமணத்துக்குப் பிறகு மறுபடி விண்ணப்பித்து மறுபடி கட்டணம் செலுத்த வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் வருமான வரம்பு ஒன்றே. 2025 ஏப்ரல் நிலவரப்படி திருமண விசாவுக்கு 1,938 பவுண்டு, மருத்துவக் கட்டணம் 3,105 பவுண்டு. இரண்டேமுக்கால் ஆண்டில் நீட்டிப்பு, ஐந்து ஆண்டில் நிரந்தரக் குடியிருப்பு. எல்லாக் கட்டணங்களையும் கூட்டினால் ஒருவருக்கு ஏறத்தாழ 12,000 பவுண்டு. வழக்கறிஞர் செலவு தனி.

2025 செப்டம்பரில் இந்த விதியின் எல்லை மேலும் விரிந்தது. அதுவரை, அகதியாக ஏற்கப்பட்டவர் போரிலும் தப்பியோட்டத்திலும் பிரிய நேர்ந்த மனைவியையும் பிள்ளைகளையும் கட்டணமின்றி, வருமானச் சோதனையின்றி அழைத்துக்கொள்ள முடிந்தது. ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறிந்த வழி அது. அந்த வழியில் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்திவைத்துவிட்டது. அடைக்கலம் தேடி வந்து, மொழி பழகி, முதல் வேலையில் சேர்ந்திருப்பவரும் இனி மனைவியை அழைக்க மற்றவர்களைப் போல 29,000 பவுண்டு காட்ட வேண்டும்.

ஆலோசனைக் குழு தன் வேலையை முடித்துவிட்டது. வரம்பைக் குறைப்பதற்குத் தேவையான கணக்குகள் எல்லாம் அமைச்சரின் மேசையில் இருக்கின்றன. வரம்பைக் குறைக்காவிட்டாலும், வரப்போகும் துணையின் உறுதிசெய்யப்பட்ட வேலைவாய்ப்பைக் கணக்கில் சேர்க்கலாம்; பெற்றோரோ உடன்பிறந்தவரோ இணைந்து பொறுப்பேற்க அனுமதிக்கலாம். இரண்டையும் குடியேற்ற விதிகளில் செய்யும் திருத்தத்தின் மூலமே கொண்டுவந்துவிட முடியும். புதிய சட்டம் தேவையில்லை. அதுவரை, இங்கே மாப்பிள்ளையோ பெண்ணோ பார்க்கும் பெற்றோர், லண்டன் வரனின் படிப்பையும் வீட்டையும் விசாரிப்பதோடு, ஒரே வேலையில் ஆறு மாதம் தொடர்ந்து வாங்கிய சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது நல்லது.