கடல் ஒன்று, கரை இரண்டு

சென்ற திங்கள் பூவாறு கடற்கரையில் நம் சிறார்களுடன் நின்றிருந்தோம். அகத்தியமலையில் பிறந்த நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் அது. சிறுமி ஒருத்தி பொழியூர்ப் பக்கம் கைகாட்டி, "அதற்கப்பால் தமிழ்நாட்டுக் கடல், இது கேரளக் கடல்" என்றாள். அவள்மேல் பிழையில்லை. நிலப்படத்தின் கோட்டைக் கடல்மீதும் நீட்டிப் பார்க்க நாம்தாம் பழக்கிவிட்டோம்.

அக்கடலின் பெயர் இலட்சத்தீவுக் கடல். 1953-இல் அனைத்துலக நீர்ப்பரப்பியல் அமைப்பு வகுத்த எல்லைப்படி, வடக்கே கார்வாரை அடுத்த சதாசிவகடம் முதல் தெற்கே மாலத்தீவின் அட்டு வரையிலும், அங்கிருந்து இலங்கையின் தேவேந்திரமுனை வரையிலும் அது பரந்துள்ளது. மன்னார் வளைகுடாவும் அதனுள் அடங்கும். ஆகவே, பூவாற்றில் காலை நனைக்கும் அலையும், தூத்துக்குடி முத்துக்குளிப்போர் மூழ்கிய நீரும் ஒரே கடலைச் சேர்ந்தவையே!

மேற்கே அதன் வேலியாக நிற்பவை பவளப் பூச்சிகள் கட்டிய தீவுகள். இலட்சத்தீவுகள் 36, அவற்றின் மொத்த நிலம் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டரே. வியப்பொன்று கேளீர்: 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதே நாளில்தான் அத்தீவுகளும் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து மத்திய அரசின் ஆட்சிப் பகுதியாயின.

மீன்பிடிச் சட்டத்துக்கு எல்லையுண்டு, நீரோட்டத்துக்கு ஏது? தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீர் தெற்கே ஓடி, இலங்கையைச் சுற்றிக் கிழக்கே செல்கிறது. வாடைக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் குமரியைக் கடந்து நம் கரையோரமாக வடக்கே ஏறுகிறது.

புயலுக்கும் எல்லையில்லை. 2017 நவம்பர் 30-இல் குமரிக்குத் தெற்கே வலுப்பெற்ற ஒக்கிப் புயல், பின்னர் இலட்சத்தீவுகளையும் தாக்கிற்று. எச்சரிக்கை எட்டுமுன்னரே ஆழ்கடலில் இருந்தோர் பலர். நீரோடி முதல் திருவனந்தபுரத்துக் கரை வரை இரு மாநிலத்துக் குடும்பங்களும் ஒருசேரக் கதறின. தப்பிய படகுகள் பல அத்தீவுகளிலே கரையேறின. அன்று படகோட்டிக்குத் தீவு இருக்கும் திசையறிவே உயிரறிவாயிற்று அன்றோ!

பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து வந்த நாம், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது கடமை. கடற்கரை எச்சரிக்கையை மலையாளத்திலும் படித்துணரச் செய்வது அதனினும் குறைந்த கடமையன்று. விடுமுறை நாளொன்றில் நிலப்படத்தோடு பூவாற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேற்கே தீவுகளையும், தென்கிழக்கே இலங்கையையும் விரலால் காட்டுங்கள். கோடு நிலத்தோடு நிற்கட்டும்; கடலை அவர்கள் முழுதாகக் காணட்டும்.