எதிரி எந்தப் பக்கம் வருவான்?

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மேப் எடிட்டர்ல மூணு ராத்திரி கண்ணு முழிச்சு நான் கட்டின கோட்டையைப் பெருமையாத் திறந்து காட்டினேன். ரெண்டு சுத்து மதில், மூலைக்கு மூலை கோபுரம், சுவர் நெடுகக் கொடி, தீவட்டி. கல்யாண மண்டபம் தோத்துது போங்க :-)

பொடியன் ரெண்டு நிமிஷம் மவுசைச் சுத்திட்டுக் கேட்டான். "ஏன் மாமா, எதிரி எந்தப் பக்கமா வருவான்?"

பதில் இல்லீங்க. நான் அதை யோசிக்கவே இல்லை.

சமாளிக்கறதுக்காக, "இது சும்மா அழகுக்குக் கண்ணு. நம்மூர் கோட்டை மாதிரின்னு வெச்சுக்கோ"ன்னேன். "நம்மூர்ல ஏது மாமா கோட்டை?"ன்னான். தினமும் கோட்டைமேடு வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறான்! சுருக்குன்னு இருந்துச்சு.

மேப் பண்ற நண்பர்கள்ல ரெண்டு கட்சி உண்டு. விளையாட்டுக்கு உதவாத அலங்காரம் தண்டம்னு ஒரு கட்சி. பார்க்க அழகா இருந்தாப் போதும்னு இன்னொரு கட்சி. நான் இத்தனை நாளா ரெண்டாவது கட்சி. இப்போ ரெண்டுமே தப்புன்னு தோணுது. கோட்டையோட அழகே அதோட பயத்துலதான் இருக்கு. எங்கே பயமோ அங்கேதான் சுவர் தடிக்கும், கொத்தளம் முன்னால துருத்தும்.

நம்ம பக்கத்துலயே பாடம் இருக்கு. சங்ககிரி போயிருக்கீங்களா? 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை. மலைதான் அங்கே பாதி மதில். ஏற முடியாத பாறைக்குச் சுவர் எதுக்கு? ஏறி வர்ற பாதையிலதான் வாசலுக்கு மேல் வாசலா வெச்சு மறிச்சிருக்காங்க. பாலக்காட்டுக் கோட்டை நேர் எதிர். 1766-ல் ஹைதர் அலி கட்டினது. தரையில நிக்கிறதால நாலு பக்கமும் பயம். அதனால சுத்தி அகழி, தடிச்ச சுவர், கொத்தளங்கள். ரெண்டுமே அழகு. ஆனா ஒண்ணைப் பேர்த்து இன்னொண்ணு இருக்கற இடத்துல வெச்சா ரெண்டும் கேலிக்கூத்து.

பயமுறுத்தறதையே அலங்காரமா ஆக்கறதும் நமக்குப் புதுசில்லை. சிலப்பதிகாரத்துல மதுரை மதில் மேல இருந்த பொறிகளை அடுக்கியிருக்கார் இளங்கோ. குரங்கு உருவத்துல ஒண்ணு, பன்றி உருவத்துல ஒண்ணு, கல் எறியறது, கொதிக்கிற எண்ணெய், மதில்ல ஏறுறவன் கையைக் குத்தற ஊசி. படிச்சாலே ஏறத் தோணாது.

அதனால பழைய மேப்பை அழிச்சுட்டேன். இந்தத் தடவை முதல்ல மேடு பள்ளம். இந்த விளையாட்டுல மேட்டுல இருந்து அடிச்சா 25 சதவீதம் கூடுதல் அடி, பள்ளத்துல இருந்து அடிச்சா அதே அளவு குறைச்சல். அப்புறம் யாரும் தாண்ட முடியாத பாறைச் சரிவு. அப்புறம் எதிரி வர்ற பாதை. கடைசியாத்தான் சுவர். மதில் மேல ஆளை நிறுத்த இதுல வழியில்லை, அதனால வில்லாளிகள் சுவருக்குப் பின்னாடி மேட்டுல. கொடி வாசல்ல மட்டும். வர்றவன் முதல்ல பார்க்கறது அதைத்தானே? போன மேப்ல பாதிக்குப் பாதி கூட சாமான் இல்லை, ஆனா பார்த்தா கோட்டைன்னு நம்பத் தோணுது.

2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவுல ராஜேந்திர சோழன் காம்பெயினே குடுத்துட்டான் வெள்ளைக்காரன். நாம இன்னும் பனி விழற ஊர்க் கோட்டையையே காப்பியடிச்சுட்டு இருக்கோம்.

கோவைக் கோட்டையைத் திப்புவோட படை 1791-ல் மாசக்கணக்கா முற்றுகை போட்டு நவம்பர்ல பிடிச்சுது. இன்னிக்கு மிச்சம் இருக்கறது கோட்டைமேடுங்கற பேர்தான். அதை மேப்ல கட்டலாம்னா மதில் எப்படி வளைஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியாது. கண்டபடி வரைஞ்சு 'இதான் நம்மூர் கோட்டை'ன்னு பொடியன்கிட்ட பொய் சொல்ல மனசு வரலை. அதனால முதல்ல சங்ககிரி. வர்ற ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிட்டு மலையேறப் போறேன்.

வாசலை அவன் எண்ணட்டும். நான் மூச்சு வாங்கறேன் :-)