ஓடுற வண்டியை எதுக்குப்பா பிரிச்சே?



நீளமான பதிவு. கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வந்து படியுங்கள். சண்டை போடத்தான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் (பெயர் போடவில்லை, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்) போன வருடம் ஒரு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கினான். 1972-ல் செய்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வாங்கின இடத்திலிருந்து வீடு வரைக்கும் அவனே ஓட்டிக்கொண்டு வந்த வீடியோவை நான் மூன்று தடவை பார்த்தேன். பெயிண்ட் மங்கியிருந்தது, கதவுக்குக் கீழே துரு தெரிந்தது, ஆனால் எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது.

போன வாரம் புதுப் படங்கள் வந்தன. பாடி ஒரு பக்கம், சேசிஸ் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு மூலையில். மணலைப் பீய்ச்சி அடித்துப் பெயிண்ட்டை எல்லாம் உரித்த வெறும் தகடு. "பூஜ்யத்துலேர்ந்து புதுசா பண்ணப்போறேன் டீச்சர்" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாக இதயக்குறி. என் நாத்தனார் பேரன் 'மரண மாஸ்' என்று போட்டிருக்கிறான். "நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லலையே டீச்சர்" என்று அவனே கேட்டதால் சொல்கிறேன்.

நீ செய்தது தப்பு. ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பிரித்துவிட்டாய்.

வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த கிழவிக்கு வெள்ளைக்காரன் காரைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது நினைக்கலாம். என் அப்பா திருச்சியில் பட்டறை வைத்திருந்தவர். அவரிடம் ஒரு டாக்டரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேலைக்கு வரும். ஹெரால்டு 1961 முதல் சென்னையில் செய்த கார், ஆனால் பிறந்த ஊர் இங்கிலாந்தின் கவென்ட்ரி. அங்கே அதற்கு ட்ரயம்ஃப் ஹெரால்டு என்று பெயர். அதன் சேசிஸைக் குட்டையாக்கி, மேலே வேறு உடம்பு வைத்து 1962-ல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிகெலோட்டி என்ற ஒரே இத்தாலியர். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும், டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். நான் ஒன்பது வயதில் ஹெரால்டின் டயர் மேல் உட்கார்ந்து அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள்.

பிறகு என் மகள் பிரசவத்துக்காக ஐந்து மாதம் கவென்ட்ரியிலேயே போய் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கேன்லியில் இருந்த ட்ரயம்ஃப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1980-ல் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளியே வந்ததோடு அந்த வண்டியின் கதை முடிந்தது. அவரிடம் ஒன்று இருக்கிறது. பச்சை நிறம், வெளிறிப்போனது, ஒரு கதவு மட்டும் கொஞ்சம் அழுத்தமான பச்சை. சனிக்கிழமை காலையில் அதன் மூடியைத் திறந்தார் என்றால் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வேலி ஓரம் போய் நிற்பேன். அவர் பேசும் இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் புரியும், கை செய்வது முழுக்கப் புரிந்தது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

புதுப்பிக்கிறேன் என்று இந்தக் காலத்தில் செய்வது பெரும்பாலும் படம் காட்டுவது. பழைய கார் கண்காட்சிகளுக்கு இரண்டு மூன்று தடவை மகள் வீட்டோடு போயிருக்கிறேன். வரிசையாக எம்.ஜி., ட்ரயம்ஃப், ஆஸ்டின் ஹீலி. சிலது கண்ணாடி மாதிரி இருக்கும். கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்த மாதிரி ஒரே அளவு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அப்படி இல்லை என்று பெரியவர் சிரித்தார். பிறந்தபோது இல்லாத அழகை எழுபது வயதில் கொண்டுவந்துவிட்டு அதற்கு 'அசல்' என்று பெயர் வைக்கிறார்கள். அதில் பல வண்டிகள் டிரெய்லரில் ஏறி வந்து டிரெய்லரில் ஏறிப் போகின்றன.

நம் ஊரில் கோயில் தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்தபோது கல்வெட்டு எழுத்து தேய்கிறதே என்று எத்தனை பேர் கொதித்தோம்? நீயும்தான் பதிவு போட்டாய். காரிலும் அப்படித்தான் எழுத்து இருக்கிறது. எந்த இடத்தில் அடிபட்டது, யார் டிங்கரிங் செய்தார்கள், கேன்லியில் பூசிய முதல் நிறம் எது, இதெல்லாம் அந்தப் பெயிண்ட் அடுக்குகளில் இருந்தது. எழுத்து போகட்டும், தகடாவது பிழைத்ததா? பானெட் மாதிரி அகலமான தகட்டில் கண்மூடித்தனமாக மணல் அடித்தால் தகடு அலையடிக்கும். அதற்கு மேல் நீ பட்டி பூசித்தான் சமன் செய்யவேண்டும்.

துருவை அப்படியே விடச் சொல்கிறாயா டீச்சர் என்பாய். இல்லை. துருப்பிடித்த சில்லை வெட்டி எடுத்துப் புதுசு வைக்கத்தான் வேண்டும். அதுவும் ஸ்பிட்ஃபயரில் கட்டாயம். ஹெரால்டு சேசிஸில் இரண்டு பக்கமும் சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்குச் சேசிஸைக் குறுக்கியபோது நடுவில் முதுகெலும்பை மட்டும் விட்டுவிட்டார்கள், அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பெட்ரோல் ரப்பர் குழாயையும் தயங்காமல் மாற்று. 2021 செப்டம்பரிலிருந்து அந்த ஊரின் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பரை அது அரித்துவிடும். கெட்டதை மாற்று, யார் வேண்டாம் என்றது? கெடாத ஆயிரம் சாமானை ஏன் கழற்றினாய் என்பதுதான் என் கேள்வி.

பிரிப்பது சுலபம். ஒரு வாரக் கடைசி போதும். சேர்ப்பதற்கு வருடங்கள் ஆகும். நடுவில் குழந்தை பிறக்கும், வேலை மாறும், வீடு மாறும். இந்த மாதிரி கார்களைத் துரு கொன்றது பாதி என்றால், அட்டைப்பெட்டிக்குள் போய்ச் செத்தது மீதி. 'முடிக்காத வேலை, எல்லாச் சாமானும் இருக்கிறது' என்று விற்பனைக்கு வரும் விளம்பரங்களைப் பெரியவர் எனக்குக் காட்டினார். எல்லாச் சாமானும் ஒருநாளும் இருக்காது என்றார். காசுக் கணக்கும் உதைக்கும். ஸ்பிட்ஃபயரை முழுசாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, அதை விற்றால் கிடைப்பதைவிடப் பல நேரம் அதிகம். ஆசைக்குச் செய்கிறேன் என்றால் சரி, முதலீடு என்று மட்டும் உன் மனைவியிடம் சொல்லாதே.

இங்கிலாந்தில் 1990-ல் ஒரு வழக்கு நடந்தது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி கார், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இதில் பழைய சாமான் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இது அந்தக் கார் இல்லை என்றார்கள். பந்தயம் ஓடிய காலத்திலேயே மாற்றி மாற்றிப் பூட்டிய வண்டி அது. நீதிபதி, சாமான் மாறியிருந்தாலும் இதன் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை, இதுதான் அந்தக் கார் என்று தீர்ப்புச் சொன்னார். ஓட ஓடத் தேய்ந்ததை மாற்றினால் வண்டி அதே வண்டி. எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்துப் போட்டுவிட்டு நம்பர் பிளேட்டை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன பெயர் சொல்வாய்?

பெரியவரின் காரில் பெயிண்ட்டை யாரும் பார்க்க வரமாட்டார்கள். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார், வாங்கிய நாளிலிருந்து. தேதி, மைல், என்ன செய்தார், எந்த எண்ணெய், எவ்வளவு. டாப்பெட் இடைவெளி சரிபார்த்தது, பாயிண்ட் மாற்றியது, இரண்டு கார்புரேட்டரையும் சமன் செய்தது. நாற்பது வருடம் வகுப்பில் நோட்டுத் திருத்தியவள் சொல்கிறேன், அப்படி ஒரு நோட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் காரில் என்னைக் கெனில்வொர்த் வரைக்கும் கூட்டிப்போனார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சாலை ஒரு ஜாண் கீழே ஓடுகிற மாதிரி இருந்தது. பயமே இல்லை. ஏன் இல்லை என்றால் ட்ரன்னியனுக்கு அவர் எண்ணெய் விட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அது என்ன என்று தெரியாதவர்களுக்கு: இந்தக் கார்களில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையாக இருக்கும். அது ஒரு வெண்கல உறைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த மரை உறைக்குள் திரும்பும். அந்த உறைதான் ட்ரன்னியன். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில், ஈ.பி. 90, அதுதான் விடவேண்டும். கிரீஸ் மரைக்குள் ஒழுங்காகப் போகாது, உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி வண்டி மூக்கைத் தரையில் குத்தும். ஹெரால்டிலும் இதே அமைப்புதான். பையன் ஒருவன் அதில் கிரீஸ் கன்னை வைத்தபோது அப்பா அவன் கையைத் தட்டிவிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாதாரணமாகக் கையே ஓங்காத மனிதர். டாக்டர் ராத்திரி நேரத்தில் கிராமத்துக்குப் போகிற வண்டி, அதனால்தான் என்று பிறகு சொன்னார்.

நீ நாற்பத்தெட்டுப் படம் போட்டிருக்கிறாய். எண்ணினேன். பெயிண்ட் நிற அட்டை மூன்று படம், புது லெதர் நாலு படம், கம்பிச் சக்கரம் ஆறு படம். ட்ரன்னியன் ஒன்றுகூட இல்லை. எஞ்சினைத் தூக்குவதற்கு முன்னால் கிளட்ச்சை ஒரு ஆளை மிதிக்கச் சொல்லி, முன்பக்கக் கப்பி அசைகிறதா என்று பார்த்தாயா? இந்த எஞ்சினில் கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடிப்பது அரை நிலா வடிவில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர். தேய்ந்தால் கழன்று கீழே விழும், பிறகு பிளாக்கே போய்விடும். பார்க்க ஒரு நிமிடம் ஆகும், படத்தில் நன்றாக வராது, அவ்வளவுதான்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2018 மே மாதத்திலிருந்து அந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்திரச் சோதனை கட்டாயம் இல்லை. விரும்பினால் கொண்டுபோய்க் காட்டலாம். அதாவது உன் காரின் அடியில் படுத்துப் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை. பளபளப்பான காரில், பக்கத்தில் உன் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு போவாய். இதயக்குறி போட்டவர்களில் ஒருத்தருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை, எனக்கு இருக்கிறது.

சரி, பிரித்தாகிவிட்டது. திட்டிக்கொண்டே இருந்து பயனில்லை. கேட்டுக்கொள்.

பன்னிரண்டாவது படத்தில் இரண்டு பக்கச் சில்லையும் வெட்டியிருக்கிறாய், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பிகூடக் கட்டவில்லை. அந்த நிலையில் பாடியைத் தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. பாடியைத் திரும்பச் சேசிஸ் மேல் வைத்துப் போல்ட் போடு. கதவை மாட்டி இடைவெளி பார். குறுக்குக் கம்பி வெல்டு வை. அதன் பிறகு ஒரு பக்கச் சில்லை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போ. கழற்றிய பழைய சாமானில் நல்லது எதையும் எறியாதே, இப்போது வரும் புது ரோட்டர் ஆர்ம் சிலது பழையது அளவுக்கு உழைப்பதில்லை என்று பெரியவர் பழையதைத் துடைத்து டப்பாவில் வைத்திருக்கிறார். பெயிண்ட், லெதர் எல்லாம் ஒரு வருடம் கழித்து.

ஒரு நோட்டு வாங்கு. எண்பது பக்கம், கோடு போட்டது.

முன் சஸ்பென்ஷன் இன்னும் சேசிஸில்தான் இருக்கிறது, ஏழாவது படத்தில் தெரிகிறது. இன்றைக்கே ட்ரன்னியனைத் திறந்து படம் எடுத்து அனுப்பு. உள்ளே கிரீஸ் இருந்தால் வெளியில் சொல்லவேண்டாம், எனக்கு மட்டும் அனுப்பு. நம் ஊர் நேரம் பத்து மணி வரை முழித்திருப்பேன்.